அசலைத் தொடாமல் வட்டியில் உதவி: எங்கள் நகருக்கு 18 லட்சம் வந்திருக்கிறது, எப்படி நடத்துவது?

பெண்ணையாற்றங்கரை (கடலூர்)
14 ஜூன் 2025, இரவு 9.42

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் தென்பெண்ணைக்குப் பக்கத்தில் எங்கள் நகர். 260 வீடுகள். குடியிருப்போர் நலச் சங்கம் பல வருடமாக இருக்கிறது, முறையாகப் பதிவு செய்ததுதான். இதுவரை நாங்கள் செய்த பெரிய வேலை என்றால் தெருவிளக்குக்கு மனு கொடுத்ததும் பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்ததும்தான். நான் செயலாளர்.

மூன்றாவது தெருவில் தனியாக இருந்த ஒரு டீச்சரம்மா போன வருடம் மார்ச்சில் காலமானார். பிள்ளைகள் இல்லை. வீட்டை விற்று, அண்ணன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது போக 18 லட்சத்தைச் சங்கத்துக்கு உயில் எழுதியிருந்தார். பணம் இப்போதுதான் கைக்கு வந்தது. உயிலில் நிபந்தனை இரண்டே வரி: அசலைத் தொடக் கூடாது, வட்டியை இந்த நகரில் குடியிருப்பவர்களின் கஷ்டத்துக்குக் கொடுக்க வேண்டும்.

கமிட்டியில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். ஒருவர் வட்டியை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்துவிடலாம், வம்பே இல்லை என்கிறார். இன்னொருவர் இனாமாகக் கொடுத்தால் மதிப்பு இருக்காது, வட்டியில்லாக் கடனாகக் கொடுப்போம் என்கிறார். மூன்றாமவருக்கு ஒரு சமுதாயக் கூடம் வேண்டும்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். போன டிசம்பர் 2ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் எங்கள் தெருக்களுக்குள் வந்தது. என் வீட்டில் ஃப்ரிட்ஜ் மிதந்தது. அப்போதே இந்தப் பணம் கையில் இருந்திருந்தால் அசலைத் தொடாமல் இருந்திருப்போமா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியவில்லை. இப்படி ஒரு நிதியை நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

வில்லியனூர்_வம்பு
14 ஜூன், இரவு 10.05

18 லட்சமா! முதல் வேலையாகச் சங்கத் தலைவருக்கு ஒரு சால்வை. அப்புறம் சால்வை போட்ட போட்டோவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ். மீதி இருந்தால் ஏழைகளுக்கு.

(கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணே, எங்கள் தெருவில் பார்த்ததைச் சொன்னேன்.)

---

பழைய_பொருளாளர் (முத்தியால்பேட்டை)
15 ஜூன், காலை 6.20

தம்பி, 2012இலிருந்து 2021 வரை ஒன்பது வருடம் இதே மாதிரி ஒரு சின்ன நிதிக்குப் பொருளாளராக இருந்தேன். எங்களிடம் 11 லட்சம் இருந்தது. பட்ட அடிகளைச் சொல்கிறேன்.

சமமாகப் பிரிக்கும் யோசனையை முதலில் முடித்துவிடுவோம். 18 லட்சத்துக்கு 7 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 1,26,000. இதில் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு 1,07,000 கொடுக்கிறீர்கள் என்றால் வீட்டுக்கு 412 ரூபாய் வரும். கார் வைத்திருப்பவருக்கும் 412, டயாலிசிஸுக்குப் போகிறவருக்கும் 412. யாருக்கும் உதவாது. அதே பணம் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு, சரியான நாளில் போனால் அது வேறு கதை.

சமுதாயக் கூடம் கட்டுவது என்றால் அசலே செங்கல் ஆகிவிடும். உயில் அதற்கு இடம் கொடுக்கவில்லை, அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடன் விஷயம் எங்களுக்கே நடந்தது. 14 பேருக்குக் கொடுத்தோம், ஐந்து பேர்தான் திருப்பினார்கள். பணம் போனது பெரிதில்லை. மீதி ஒன்பது பேரும் தெருவில் என்னைக் கண்டால் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார்கள். அதில் ஒருவர் எனக்கு முப்பது வருடமாகப் பால் ஊற்றியவர். பால்காரரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது! கொடுத்தால் கொடுத்ததாக இருக்கட்டும்.

இப்போது முக்கியமான இடம். உங்களிடம் பணம் எப்போது இருக்க வேண்டும் தெரியுமா? மே கடைசியில். ஜூனில் பள்ளி, கல்லூரி திறக்கும் மூன்று வாரத்தில் எங்களுக்கு 40 விண்ணப்பம் வரும். அக்டோபரில் ஒன்றும் வராது. நாங்கள் செப்டம்பரில் வட்டி வருகிற மாதிரி எஃப்.டி. போட்டு வைத்திருந்தோம், மடத்தனம். ஜூனில் கையை விரிப்போம், அப்புறம் மார்ச் வந்ததும் செலவுக் கணக்கு காட்ட வேண்டுமே என்று அவசர அவசரமாகத் தையல் மெஷின் வாங்கிக் கொடுப்போம். தைக்கவே தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். இரண்டு மெஷின் மறு மாதமே சண்டே மார்க்கெட்டில் நின்றது, என் கண்ணாலேயே பார்த்தேன்.

கடைசி மூன்று வருடத்தில்தான் ஒரு வழிக்கு வந்தோம். பாதியைக் கல்விக்கென்று ஜூனுக்கு ஒதுக்கினோம். கால் பங்கு அவசரத்துக்கு. அதை முழுக் கமிட்டியும் கூடித் தீர்மானிக்க வேண்டாம், இரண்டு பேர் போனில் பேசி அன்றைக்கே கொடுக்கலாம், ஆனால் 3,000க்கு மேல் கூடாது. ஜிப்மரில் ஒருவரைச் சேர்த்தால் வைத்தியச் செலவு பெரும்பாலும் பெரிய பாரமாக இருக்காது. துணைக்கு இருக்கும் மனைவி பத்து நாள் வெளியே சாப்பிட வேண்டும், வீட்டுக்குப் போய்வரப் பஸ், வேலைக்குப் போகாத கூலி. அந்த இடத்தில் 3,000 ரூபாய்க்கு இருக்கிற பலம் கல்யாணத்துக்குக் கொடுக்கும் 10,000க்குக் கிடையாது. மீதிக் கால் பங்கு தொழிலுக்கு: தள்ளுவண்டிச் சக்கரம், கிரைண்டர் மோட்டார், இந்த மாதிரி.

அப்புறம் ஒரு விதி. கமிட்டியில் இருப்பவரின் உறவினர் விண்ணப்பம் வந்தால் அவர் எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வர வேண்டும். அறையில் உட்கார்ந்து "நான் பேசவே மாட்டேன்" என்றால் போதாது. உட்கார்ந்திருப்பதே பேச்சுதான்.

---

லாரன்ஸ்ரோடு_ஆடிட்டர் (கடலூர்)
15 ஜூன், பகல் 1.15

பொருளாளர் சார் சொன்னதில் "கொஞ்சம் ஒதுக்கிவிட்டு" என்பதை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

செயலாளர் சார், இந்தப் பணத்தைச் சங்கத்தின் சாதாரணக் கணக்கில் போடாதீர்கள். நாளைக்கு வேறு கமிட்டி வந்து ஆண்டு விழாவுக்கு எடுத்துவிடும். தனியாக ஒரு பொது அறக்கட்டளை ஆவணம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து, அதன் பெயரில் பான், அதன் பெயரில் வங்கிக் கணக்கு. பிறகு வருமான வரி விலக்குக்கான பதிவு. முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகமாகத் தருவார்கள், அப்புறம் முறையான பதிவு வாங்க வேண்டும். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பதிவு.

பதிவு கிடைத்தபின் பொதுவான விதி இது: ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும், 15 சதவீதத்தை வைத்துக்கொள்ளலாம். உங்கள் 1,26,000இல் 15 சதவீதம் 18,900. மீதி 1,07,100. பொருளாளர் சொன்ன தொகை அதுதான். மிச்சத்தை ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகச் சேர்த்து வைக்க வேண்டுமென்றால் அதற்குத் தனிப் படிவம் உண்டு, ஐந்து ஆண்டுக்குள் செலவழித்தாக வேண்டும்.

டீச்சரம்மாவின் 18 லட்சம் இந்த 85 சதவீதத்துக்குள் வராது. அது அசல் நிதி. அசல் நிதி என்று கொடுத்தவர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், உயிலில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள். இனிமேல் யார் அசலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தாலும் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் செல்லாது.

அடுத்த கேள்வி பணத்தை எங்கே வைப்பது. தெரிந்தவர் ஃபைனான்ஸ், சீட்டுக் கம்பெனி, மனை வாங்கிப் போடுவது எல்லாம் வேண்டாம். வங்கி, அரசுப் பத்திரம் மாதிரி சட்டம் அனுமதிக்கும் இடங்களில் மட்டும்தான் அறக்கட்டளைப் பணம் இருக்கலாம். வங்கி வைப்புக்குக் காப்பீடு ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான், ஆகவே நான்கு வங்கியாகப் பிரியுங்கள். ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே நாளில் முதிர்ந்து, அன்றைக்குப் பார்த்து வட்டி விழுந்திருந்தால் மொத்தமும் மாட்டிக்கொள்ளும்.

கொடுக்கும்போது ஒருவருக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவுக் கணக்கில் ஏறாது. வங்கி வழியாகவே கொடுங்கள்.

---

பழைய_பொருளாளர்
15 ஜூன், மாலை 4.02

வட்டி விழுவதைப் பற்றி ஆடிட்டர் அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு. 2013இல் எங்களுக்கு 9 சதவீதம் கிடைத்தது, ஏறக்குறைய ஒரு லட்சம். 2020இல் ஐந்தரைகூட இல்லை, 60,000ஐத் தொடவில்லை. ஊரடங்கில் ஆட்டோ ஓட்டுபவர், பந்தல் போடுபவர், ஹோட்டல் சர்வர் என்று கதவைத் தட்டியவர்கள் இரண்டு மடங்கு. கையில் இருந்த பணம் பாதி. கேட்கும் கை கூடுகிற வருடத்தில்தான் வட்டி குறைகிறது.

---

தாழங்குடா_கட்டுமரம்
15 ஜூன், இரவு 8.50

எல்லாரும் படித்தவர்கள், கணக்கு சுத்தமாக இருக்கிறது. எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை.

எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. திருவிழா, கோயில், கோர்ட்டு வழக்கு, கடலில் போனவன் குடும்பம், எல்லாம் ஊர்ப் பணத்தில்தான். வருஷக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் வாசிப்பார்கள். பூட்டி வைக்கும் வழக்கம் இல்லை. வந்தது போகும், மறுபடி வரும்.

2004 டிசம்பர் 26 காலையில் எனக்கு வயது 19. அன்றைக்கு ஊர்ப் பணம் ஏதோ கொஞ்சம் இருந்தது. அதை அன்றைக்கே எடுத்து அரிசி வாங்கினோம். "அசலைத் தொடக் கூடாது" என்று யாராவது சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 18 லட்சம் வங்கியில் தூங்க, தெருவில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு கிழவி நிற்க, "பாட்டி, மே மாதம் வட்டி வரும்" என்று சொல்லப்போகிறீர்களா?

டீச்சரம்மா உயிரோடு இருந்திருந்தால் டிசம்பர் 2 அன்று என்ன செய்திருப்பார்? அதைச் செய்யுங்கள்.

---

பெண்ணையாற்றங்கரை
15 ஜூன், இரவு 9.30

அண்ணே, என்னைத் தூங்கவிடாமல் செய்வது இந்தக் கேள்விதான். அன்றைக்கு நிவாரணமாக எங்கள் மாவட்டத்தில் பாதித்த குடும்பத்துக்கு 2,000 என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5,000. ஆறு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் வந்தது. நனைந்த மெத்தையை வெளியே தூக்கிப் போடக்கூட அந்த 2,000 பத்தவில்லை.

---

லாரன்ஸ்ரோடு_ஆடிட்டர்
16 ஜூன், காலை 10.40

தாழங்குடா அண்ணன் கேட்டதற்கு நேரான பதில்: உங்கள் ஊருக்குத் தலைக்கட்டு இருக்கிறது. வந்தது போனாலும் அடுத்த வருடம் 400 பேர் மறுபடி கொடுப்பார்கள். இவர்களுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. அந்த அம்மா ஒரு தடவைதான் கொடுத்தார். ஒரு வெள்ளத்தில் 18 லட்சத்தை 260 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 7,000கூட முழுசாக வராது, அதோடு தீர்ந்தது.

ஆனாலும் அசலை உடைக்காமல் அவசரத்துக்கு வழி இருக்கிறது. எஃப்.டி.யை அடமானமாக வைத்து வங்கியில் ஓவர்டிராஃப்ட் எடுக்கலாம். அடுத்த இரண்டு மூன்று வருட வட்டியிலிருந்து அடைக்கலாம். வரிக் கணக்கில் கடன் வாங்கிக் கொடுத்த வருடத்தில் அது செலவாக ஏறாது, திருப்பிக் கட்டும் வருடத்தில்தான் ஏறும், அதற்கும் ஐந்து ஆண்டு எல்லை. ஆகவே உச்சவரம்பு வையுங்கள், அசலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்று. உயிலின் சொல் மீறாமல் இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

---

தாழங்குடா_கட்டுமரம்
16 ஜூன், பகல் 12.15

அதாவது நாங்கள் நகையை அடகு வைக்கிற மாதிரி. விற்பது வேறு, வைப்பது வேறு. இது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யார் கையெழுத்துப் போடுவது என்று இப்போதே எழுதி வையுங்கள். தண்ணீர் வந்த பிறகு கூட்டம் போட முடியாது, நாற்காலியெல்லாம் மிதக்கும்.

---

பாகூரான்
16 ஜூன், இரவு 7.55

இடையில் ஒரு சின்னத் திசைதிருப்பல், மன்னிக்கவும்.

இது நமக்குப் புதுசு இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். "சாவா மூவாப் பேராடு" என்று அதற்குப் பெயர். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி போடுவது அவருக்கு லாபம், கிழடாவது செத்துப்போவது அவர் பொறுப்பு, எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. அசல், வட்டி, அறங்காவலர் மூன்றும் அதில் இருக்கிறது. எங்கள் பாகூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு, இங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு (கல்விச்சாலைக்கு) மூன்று ஊர்களைக் கொடுத்ததைச் சொல்கிறது. அந்த ஊர்களின் வருமானத்தில் படிப்பு நடந்திருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் படித்த பள்ளியில் 1978இல் ஒருவர் 5,000 ரூபாய் போட்டு, தட்டச்சில் முதலாவதாக வரும் மாணவிக்கு வட்டியில் பரிசு என்று எழுதி வைத்தார். முதல் வருடம் வெள்ளி டம்ளர் கொடுத்தார்களாம். நான் படிக்கும்போது எவர்சில்வர் டம்ளர். போன வருடம் விசாரித்தேன், வட்டி 300 சொச்சம், டம்ளருக்குப் பதில் பேனா. டைப்ரைட்டிங் வகுப்பு மூடிப் பல வருடம் ஆகிறது, ஆகவே பேனாவை வாங்கவும் ஆள் இல்லை. பெட்டியில் ஒன்பது பேனா இருக்கிறது.

அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் 1914இல் ஃபிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளர் ஊருக்கே பொதுவான நிதி ஒன்றைத் தொடங்கியதற்கும் இந்த மாதிரிப் பேனாப் பெட்டிகள்தான் காரணம். செத்துப்போனவர் எழுதிய நோக்கம் காலாவதி ஆனால் பணம் சும்மா கிடக்கும். அதனால் பலருடைய கொடையை ஒரே நிதியில் வைத்து, எதற்குக் கொடுப்பது என்பதைக் காலத்துக்கேற்ப மாற்றும் அதிகாரத்தை ஊரார் குழுவுக்குக் கொடுத்தார். உங்கள் டீச்சரம்மா "கஷ்டத்துக்கு" என்று பொதுவாக எழுதினாரே, புத்திசாலி. ஆவணம் எழுதுகிறவர் அதை "பத்தாம் வகுப்பு முதல் மதிப்பெண்ணுக்கு" என்று குறுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

வில்லியனூர்_வம்பு
16 ஜூன், இரவு 8.10

ஆடு சாவா மூவா, சரி. வங்கி வட்டி வருஷா வருஷம் மூத்துக்கொண்டே போகிறதே, அதற்கு எந்த இடையரைப் பிடிப்பது?

---

லாரன்ஸ்ரோடு_ஆடிட்டர்
16 ஜூன், இரவு 8.31

சிரித்துவிட்டேன். ஆனால் நியாயமான கேள்வி. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பு. இன்றைக்கு 1,07,000 செய்யும் வேலையில் பாதியைத்தான் 2037இல் அதே தொகை செய்யும். 15 சதவீதத்தை வருடா வருடம் அசலோடு சேர்த்தாலும் ஈடுகட்டாது. ஊராரும் கொஞ்சம் கொஞ்சமாக அசலில் சேர்த்தால்தான் உண்டு. வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்றாலும் 260 வீட்டில் வருடத்துக்கு 1,56,000. அந்த அம்மாவின் பணம் தரும் வட்டியைவிட அது அதிகம், கவனித்தீர்களா?

---

(பதிவு நீக்கப்பட்டது)
17 ஜூன், காலை 9.12

---

நெறியாளர்
17 ஜூன், காலை 9.40

"நம்ம ஆளுங்களுக்கு மட்டும்" என்று தொடங்கிய பதிவை நீக்கியிருக்கிறேன். இழை தொடரட்டும்.

---

லாரன்ஸ்ரோடு_ஆடிட்டர்
17 ஜூன், காலை 10.05

நீக்குமுன் படித்துவிட்டேன். அவருக்கு ஒரு வரி: ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று இப்போது அறக்கட்டளை எழுதினால் வருமான வரி விலக்கே போய்விடும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் நலனுக்கு என்றால் அந்தத் தடை இல்லை.

---

பாரிஸ்_முத்தியால்பேட்டை
17 ஜூன், மாலை 5.25

வணக்கம். என் சித்தி அந்த நகரில்தான் இருக்கிறார், டீச்சரம்மாவை எனக்கும் தெரியும். அசலில் சேர்க்க 1,000 யூரோ அனுப்ப ஆசை. எந்தக் கணக்குக்கு அனுப்பட்டும்?

---

லாரன்ஸ்ரோடு_ஆடிட்டர்
17 ஜூன், மாலை 6.00

கொஞ்சம் பொறுங்கள் சார்! பாஸ்போர்ட் இந்தியாவா, பிரான்ஸா? இந்தியப் பாஸ்போர்ட் என்றால் எங்கே வேலை பார்த்தாலும் உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுக்கலாம். பிரெஞ்சுக் குடியுரிமை என்றால் நீங்கள் முத்தியால்பேட்டையில் பிறந்திருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் அறக்கட்டளை அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், கடைசி மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். இவர்களுக்கு அது இப்போதைக்கு நடக்காத காரியம். புதுச்சேரிப் பக்கம் நிறையப் பேர் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

---

பாரிஸ்_முத்தியால்பேட்டை
17 ஜூன், மாலை 6.20

பிரெஞ்சுதான். தாத்தா காலத்திலிருந்து. சரி, ஊருக்கு வரும்போது டீச்சரம்மா வீட்டு வாசலில் இருந்த நந்தியாவட்டைச் செடி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். அதற்கு அனுமதி வேண்டாம் என்று நினைக்கிறேன்.

---

மாடிவீட்டு_வாடகை
18 ஜூன், இரவு 10.48

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். "குடியிருப்பவர்" என்றால் யார்?

எங்கள் நகர்ச் சங்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்தான் உறுப்பினர். நான் ஏழு வருடமாக வாடகைக்கு இருக்கிறேன். ஒரு கூட்டத்துக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. கரண்ட் பில் ஓனர் பெயரில், ரேஷன் கார்டு இன்னும் நெய்வேலி முகவரியில், ஆதார் அதற்கும் முந்தின முகவரியில். உங்கள் படிவத்தில் "முகவரிச் சான்று இணைக்கவும்" என்று ஒரு வரி போட்டால் போதும், உதவி தேவைப்படுகிற வீட்டில் பாதி அந்த வரியிலேயே கழன்றுவிடும். வெள்ளத்தில் முதலில் முழுகியது தரைத்தள வாடகை வீடுகள்தான், சொந்தக்காரர்கள் மாடியில் இருந்தார்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவைக் கூட்டுகிற அம்மா, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், இஸ்திரி வண்டிக்காரர். இவர்கள் பகலெல்லாம் உங்கள் நகரில்தான் இருக்கிறார்கள், படுக்க மட்டும் வேறு இடம் போகிறார்கள். கணக்கில் உண்டா இல்லையா?

---

பெண்ணையாற்றங்கரை
18 ஜூன், இரவு 11.15

வெட்கமாக இருக்கிறது. நாங்கள் எழுதி வைத்திருந்த வரைவுப் படிவத்தில் நான்காவது வரி அதேதான்: முகவரிச் சான்று.

---

வாங்கினவள்
19 ஜூன், காலை 5.50

நைட் டியூட்டி முடிந்து எழுதுகிறேன். நான் நர்ஸ். படிக்கும்போது இந்த மாதிரி ஒரு நிதியில் 9,000 ரூபாய் வாங்கினவள். எந்த ஊர், எந்த நிதி என்று சொல்லப்போவதில்லை.

அந்த 9,000 இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் ஹாஸ்டலை விட்டு வெளியே வந்திருப்பேன். அதை மறக்கவில்லை. ஆனால் மற்றதையும் மறக்கவில்லை.

படிவம் ஆறு பக்கம். அதில் ஒரு கேள்வி: குடும்பத்தில் மது அருந்துபவர் உண்டா? உண்டு என்று எழுதினால் கிடைக்காதோ என்று பயம். இல்லை என்று எழுதினால் பொய், எங்கள் தெருவுக்கே தெரியும். அம்மா பேனாவை வாங்கி "இல்லை" என்று எழுதிவிட்டு அழுதார். இரண்டு பெரிய மனிதர்களிடம் பரிந்துரைக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் வீட்டுக்கு மூன்று நாள் நடந்தேன்.

அப்புறம் விழா. கட்டில் பலகை அகலத்தில் ஒரு அட்டைச் செக்கைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்க வைத்தார்கள். நிஜப் பணம் அதற்கு நாற்பது நாள் கழித்து வந்தது. அதற்குள் ஹாஸ்டலில் தினமும் அபராதம் ஏறியது, 1,100 ரூபாய். அதை அம்மா கம்மலை வைத்துக் கட்டினார். அந்தப் போட்டோ இன்னும் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள்.

செயலாளர் அண்ணா, படிவம் ஒரு பக்கம் போதும். ஏன் வேண்டும், எவ்வளவு, எந்தத் தேதிக்குள். அந்த மூன்றாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. பணத்தைக் கல்லூரிக் கணக்குக்கோ அவர்கள் கணக்குக்கோ நேராகப் போடுங்கள். போட்டோ வேண்டாம்.

---

பழைய_பொருளாளர்
19 ஜூன், காலை 7.10

அம்மா, எங்கள் நிதி இல்லை என்று நம்புகிறேன். ஆனால் எங்கள் படிவத்திலும் அந்த மதுக் கேள்வி இருந்தது. அதைச் சேர்த்தது நான்தான், அப்போது பெரிய சீர்திருத்தம் என்று நினைத்தேன். மேடையும் இருந்தது. நன்கொடை கொடுப்பவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொள்வோம்.

செயலாளர் தம்பி, காட்டுவதற்குப் பெயர் தேவையில்லை. "ஜூன், கல்லூரிக் கட்டணம், 8,000. ஆகஸ்ட், கிரைண்டர் மோட்டார், 3,200" என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால் போதும். பெயர் பதிவேட்டில் மட்டும். இல்லை என்று சொன்ன விண்ணப்பத்துக்கும் காரணத்தை எழுதி வையுங்கள். எங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கிடைக்காதவர்கள் இல்லை, ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாதவர்கள்.

---

வாங்கினவள்
19 ஜூன், காலை 7.25

பரவாயில்லை ஐயா. போய்த் தூங்குகிறேன்.

---

பெண்ணையாற்றங்கரை
27 ஜூலை, இரவு 9.05

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் போட்டோம். முதல் முறையாக வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிட்டோம். 58 பேர் வந்தார்கள், வழக்கமாக 15 பேர் வந்தால் அதிகம்.

ஆவணம் எழுதியாகிவிட்டது. அறங்காவலர் ஐந்து பேர், ஒருவர் கட்டாயம் வாடகைதாரர். ஆறு மாதம் குடியிருந்தால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அதுவே சான்று. நகருக்குள் வேலை செய்கிறவர்களைச் சேர்ப்பதில் பெரிய சண்டை. உயிலில் "குடியிருக்கும்" என்றுதானே இருக்கிறது என்று ஒருவர் எழுந்தார். கடைசியில் வட்டியிலிருந்து முடியாது, ஊரார் தரும் மாதம் 50 ரூபாயில் ஒரு பகுதியை அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சமரசம். எனக்கு முழுத் திருப்தி இல்லை. 50 ரூபாய்க்கு இதுவரை 112 வீடு ஒத்துக்கொண்டிருக்கிறது.

வெள்ளத்துக்கு ஓவர்டிராஃப்ட் எடுக்கும் விதிக்குக் கை தூக்கச் சொன்னோம். 31 பேர் சரி என்றார்கள், 27 பேர் வேண்டாம் என்றார்கள். ஜெயித்தும் நிம்மதி இல்லாத கணக்கு. வக்கீல் பார்த்துவிட்டு, அசல் குறையாதவரை உயிலுக்கு முரண் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கையெழுத்து யார் என்பதையும் எழுதிவிட்டோம் தாழங்குடா அண்ணே: மூன்று பேரில் யாராவது இருவர், மூவரும் வேறு வேறு தெரு.

படிவம் அரைப் பக்கம். மூன்று கேள்விதான்.

வங்கி வட்டி வர இன்னும் நாள் இருக்கிறது, அதனால் 50 ரூபாய்ப் பணத்திலிருந்து முதல் உதவி போன வாரம் போனது. இஸ்திரி வண்டிக்காரர். டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய வண்டிப் பலகை ஊறிப் பிளந்துபோய், ஏழு மாதமாகச் செங்கல் வைத்து முட்டுக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சட்டையைத்தான் தேய்த்தார், நாங்கள் யாரும் அந்தச் செங்கல்லைப் பார்க்கவில்லை. 4,800 கேட்டார், கொடுத்தோம். நேற்று மாலை என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார், கையில் 350 ரூபாய். பலகை நினைத்ததைவிட மலிவாகக் கிடைத்ததாம், மீதியைக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டாம் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வது என்று நாங்கள் விதியே எழுதவில்லை. பணம் மேஜை டிராயரில் இருக்கிறது.

---

பழைய_பொருளாளர்
28 ஜூலை, காலை 6.15

ஒன்பது வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட இந்தப் பிரச்சினை வந்ததில்லை.

டிராயரில் வைக்காதே தம்பி. அவர் பெயரில் ரசீது போட்டு, அவர் கையில் ஒரு பிரதி கொடுத்து, இன்றைக்கே வங்கியில் கட்டிவிடு.